சில்லறை

மாம்பழக் கூழ் ஆலையில்
காலி டிரேக்களுக்கு அடியில் பிறந்தது.
அம்மா, கர்நாடகா எண் போட்ட காரிலிருந்து
பைபாஸில் இறக்கிவிடப்பட்ட லேப்ரடார்.
அப்பா யாரென்று
காவேரிப்பட்டணத்துத் தெருக்களைத்தான் கேட்க வேண்டும்.
ஒரு காது மடங்கியிருக்கும், ஒரு காது நிமிர்ந்திருக்கும்.
உடம்பு, புது அஞ்சு ரூபாய்க் காசின் நிறம்.
சில்லறை என்று பெயர் வைத்தவள் மகள்.

இப்போது ஆறாம் மாதம்.
முதல் பருவம் வருவதற்குள் பண்ணிவிடலாம் என்றார் டாக்டர்.
பொட்டைதானே, ஒரு ஈத்தாவது போட்டுக்கட்டும், பாவம்
என்றாள் மேல்வீட்டுப் பச்சையம்மா.
மாதேஷ் ஒன்றும் சொல்லவில்லை.
தெரியாத விஷயம் என்றால்
தலையைச் சொறிவது அவன் வழக்கம்,
நாயின் தலையை.

எடைமேடை ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில்
நானே எழுதிப் பார்த்தேன்.
கர்ப்பப்பையில் சீழ் வராது.
மடியில் கட்டி வருவது குறையும்.
உடம்பு போடும்.
மயக்க ஊசியில் எழாமலே போகலாம்.
கடைசி வரியை அடித்தேன்.
அடித்தாலும் படிக்க முடிந்தது.

வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர்
வாசலிலேயே நின்று பேசினார்.
"கலப்புதானே? கண்டிப்பாப் பண்ணிடுங்க.
கலப்பு பெருகக் கூடாது பாருங்க."
கண் நாயின் மேல்தான் இருந்தது.
இந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லை
நாய்க்கு மட்டும் யாரும் வைத்திருக்கவில்லை.
மாதேஷ் பணத்தை இரண்டாம் முறை எண்ணினான்.
முதல் முறையே சரியாகத்தான் இருந்தது.

அன்று ராத்திரி முடிவு பண்ணினேன்:
பண்ணக் கூடாது.
போடட்டும், பத்துப் போடட்டும்,
பத்துக்கும் பத்துவிதக் காதாக.
அத்தனையும் அந்த ஆள் கேட்டில் போய்ப் படுக்கட்டும்.

காலையில் வேலைக்குப் போனால்
அதே டிரேக்கள்.
இதோடு பிறந்தவை நாலு.
இரண்டு, டேங்கர் பின்னால் வந்தபோது.
ஒன்று, கழிவுத் தொட்டியில்.
நாலாவது எங்கே என்று வாட்ச்மேனுக்கும் தெரியாது.
ஒரு நாளைக்கு நாற்பது டன் மாங்காய் நிறுக்கிறேன்.
தப்பான வாயிலிருந்து வந்ததாலேயே
ஒரு சரியான காரியம்
எவ்வளவு எடை குறையும் என்று
எந்த மேடையிலும் ஏற்றிப் பார்க்க முடியவில்லை.

கிருஷ்ணகிரி கால்நடை ஆஸ்பத்திரியில்
படிவம் கொடுத்தார்கள்.
பெயர்: சில்லறை. பால்: பெண். வயது: ஆறு மாதம்.
இனம்.

இந்தக் கட்டத்தை எனக்குத் தெரியும்.
மகளை ஒண்ணாம் வகுப்பில் சேர்த்த அன்று
பேனாவை வைத்துக்கொண்டு நான் நின்ற நேரத்தில்
தலைமையாசிரியை மூன்று தடவை இருமினார்.

"கலப்புன்னு போடுங்கம்மா" என்றார் எழுத்தர்.
நாய் என்று போட்டேன்.
அவர் படித்தார். என்னைப் பார்த்தார்.
"அது தெரியுதும்மா"
என்று முத்திரை குத்தினார்.

நாளைக்கு எட்டு மணிக்கு.
ராத்திரிச் சாப்பாடு கொடுக்கக் கூடாதாம்,
பத்துக்கு மேல் தண்ணீரும்.
வாசலில் அது தன் கிண்ணத்தை
மூக்கால் தள்ளித் தள்ளி
கூடம் முழுக்க உருட்டுகிறது.
அதற்குக் கேட்கக் கூடாதென்று
சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு
மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம்.
அவரைக்கொட்டைக் குழம்பு.
மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை,
கரண்டி கைதவறி விழுந்தது.
எனக்கும் மாதேஷுக்கும் விழவில்லை.
ஓசூரில், வெளியே பூட்டுப் போட்ட ஓர் அறையில்
பதினோரு நாள்
சத்தம் வராமல் சாப்பிட்டிருக்கிறோம்.

கதவுக்கு அடியில்
ஈர மூக்கின் நுனி மட்டும்
வந்து வந்து
மோந்துகொண்டிருந்தது.